உறைந்த கால்வாயும் கணப்புச் சட்டியும்: டச்சுக்காரர்களின் குளிர்கால வரலாறு

ஆஸ்திரியாவின் வியன்னா நகரிலுள்ள ஓர் அருங்காட்சியகத்தில் 1565-ல் வரையப்பட்ட ஓவியம் ஒன்று இருக்கிறது. பீட்டர் புரூகல் வரைந்த 'பனியில் வேட்டைக்காரர்கள்'. மூன்று வேட்டைக்காரர்கள் ஒரே ஒரு நரியைப் பிடித்த களைப்போடு நாய்கள் சூழ வீடு திரும்புகிறார்கள். இடது ஓரத்தில் விடுதி வாசலில் நெருப்பு மூட்டிப் பன்றியைப் பொசுக்குகிறார்கள். கீழே பள்ளத்தாக்கில் குளங்கள் கல்லாக உறைந்து கிடக்க, அவற்றின் மேல் எறும்புகள் போலச் சிறு சிறு மனிதர்கள் சறுக்கி விளையாடுகிறார்கள்.

இவ்வளவையும் பார்க்கிற எல்லோரும் பார்த்துவிடுவார்கள். ஆனால் வலது பக்கம், ஒரு சிறு பாலத்தின் மேல், முதுகில் சுள்ளிக்கட்டோடு நடந்து போகிற பெண்ணைப் பலர் கவனிப்பதில்லை. அவளுக்கு விளையாட நேரம் இல்லை. வீட்டு அடுப்பு அணையாமல் இருக்க வேண்டும் அல்லவா?

பனிநாட்டுக் குளிர்காலம் என்றாலே இந்த இரண்டும்தான். வெளியே விளையாட்டு, உள்ளே கதகதப்பு. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை போலத் தெரியும். ஆனால் நெதர்லாந்து நாட்டின் வரலாற்றைப் புரட்டினால், இவை இரண்டும் ஒரே பேரேட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் போல ஒட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. ஒரு பக்கத்தில் எழுதியது மறுபக்கத்தில் வந்து நிற்கிறது. சில சமயம் முந்நூறு வருடம் கழித்து!

குட்டிப் பனியுகம்

ஐரோப்பாவில் சுமார் 14-ஆம் நூற்றாண்டிலிருந்து 19-ஆம் நூற்றாண்டு வரையான காலத்தைக் குட்டிப் பனியுகம் என்பார்கள். உண்மையான பனியுகம் அல்ல. ஆனாலும் அடிக்கடி கடுமையான குளிர்காலங்கள் வந்தன. புரூகல் அந்த ஓவியத்தை வரைந்ததற்குச் சற்று முந்தைய 1564-65 குளிர்காலமும் அப்படிப்பட்டதுதான்.

நெதர்லாந்து தண்ணீரில் மிதக்கிற நாடு. கால்வாய், ஆறு, ஏரி, வயலுக்கு வயல் வாய்க்கால். கோடையில் மனிதரும் சரக்கும் போவது படகில். குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்தால் படகு நின்றுவிடும். படகு நின்றால் வியாபாரம் நிற்கும், படகோட்டியின் வருமானமும் நிற்கும். ஆனால் அதே பாதையில் காலில் ஸ்கேட் கட்டிக்கொண்டால் படகைவிட வேகமாகப் போகலாம். ஆக, சறுக்குதல் அங்கே முதலில் பொழுதுபோக்கு அல்ல, போக்குவரத்து!

படகு நின்ற நாட்களை ஹார்லெம் நகரத்தின் கால்வாய்ப் படகுப் பதிவுகள் குறித்து வைத்திருந்தன. வசூல் ஏன் குறைந்தது என்று கணக்குக் காட்ட வேண்டுமே! அந்தப் பதிவுகளைக் கொண்டு 1634 முதலான குளிர்காலங்கள் எவ்வளவு குளிராக இருந்தன என்று 1970-களில் ஆய்வாளர்கள் மீட்டெடுத்தார்கள். கணக்குப்பிள்ளையின் நோட்டு தெர்மாமீட்டர் ஆன கதை இது.

ஆரம்பகால ஸ்கேட்டுகள் மாடு, குதிரை இவற்றின் கால் எலும்பைத் தட்டையாகத் தேய்த்துச் செய்தவை. பிறகு மரப்பலகையின் அடியில் இரும்புத் தகடு வந்தது. 1395-ல் ஸ்கீடாம் என்ற ஊரில் லிட்வினா என்கிற 15 வயதுப் பெண் பனிக்கட்டியில் விழுந்து விலா எலும்பை முறித்துக்கொண்டாள். அதன் பிறகு 1433-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். கத்தோலிக்க மரபு அவளைப் புனிதராகவும், பனிச்சறுக்கு விளையாடுபவர்களின் காவலராகவும் கொண்டாடுகிறது. அவள் வாழ்க்கையைச் சொல்லும் 1498-ஆம் வருடத்துப் புத்தகத்தில் அவள் விழுந்து கிடக்கும் மரச்செதுக்குப் படம் இருக்கிறது. பின்னணியில் ஒருவன் ஸ்கேட்டில் சாவகாசமாகப் போய்க்கொண்டிருக்கிறான்.

விளையாட்டை ஆசை தீரப் பார்க்க வேண்டுமானால் ஹென்ட்ரிக் அவர்காம்ப் (1585-1634) ஓவியங்களைத்தான் பார்க்க வேண்டும். காம்பன் என்ற ஊரில் வாழ்ந்தவர். வாய் பேச முடியாதவர். 'காம்பன் ஊமை' என்றே ஊரார் அழைத்தார்கள். 1607-08 குளிர்காலம் மிகக் கொடியது. ஏறக்குறைய அந்தச் சமயத்தில் அவர் வரைந்த ஓவியம் ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. சீமான்கள் கைகோத்துச் சறுக்குகிறார்கள். சிலர் கோல்ஃப் என்ற கோலும் பந்தும் விளையாடுகிறார்கள். ஒருத்தி விழுந்து பாவாடை விலகிக் கிடக்கிறாள். ஒருவன் ஒதுங்கி இயற்கை உபாதையைத் தீர்த்துக்கொள்கிறான். ஒரு மூலையில் செத்த மிருகத்தை நாயும் காக்கையும் தின்கின்றன. அதையும் அவர் விடவில்லை. அந்தக் குளிரில் எல்லோரும் விளையாடிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை என்பது ஓவியருக்குத் தெரிந்திருக்கிறது.

உறைந்த ஏரியில் உடனே கடை முளைத்துவிடும். 'கூக் என் சோப்பி' என்று பெயர். கேக்கும் சூடான பானமும் கிடைக்கும். சோப்பி என்பது பீர், ரம், முட்டை, பட்டை, கிராம்பு எல்லாம் போட்டுக் காய்ச்சியது. வேலை இழந்த படகோட்டிகளும் கூலிக்காரர்களும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, சறுக்குப் பாதையில் விழுந்த பனியைக் கூட்டித் தள்ளிவிட்டு, போகிறவர்களிடம் காசு கேட்பார்கள். ஒருவனுக்குக் குளிர்காலம் விடுமுறை, இன்னொருவனுக்கு அது வேலையில்லாக் காலம். ஒரே பனிக்கட்டியின் மேல் இருவரும் நின்றார்கள்.

தோண்டிய மண், பிறந்த ஏரி

சரி, வீட்டுக்குள் வருவோம். நெதர்லாந்தில் காடு குறைவு. விறகுக்கு எங்கே போவது? காலுக்குக் கீழேதான் இருந்தது பதில். பீட் என்னும் சதுப்புக் கரிமண். ஆயிரக்கணக்கான வருடங்களாகச் சதுப்பில் செடிகொடிகள் அழுகிப் படிந்தது. வெட்டியெடுத்துக் காயவைத்தால் செங்கல் மாதிரி ஆகும். அடுப்பில் வைத்தால் கொழுந்து விடாமல், மெதுவாக, நெடுநேரம் கனலும். 17-ஆம் நூற்றாண்டின் டச்சுப் பொற்காலத்தில் வீடு மட்டும் அல்ல, பீர் ஆலை, செங்கல் சூளை எல்லாம் பீட்டில்தான் ஓடின.

மேலே இருந்த பீட் தீர்ந்ததும் நிற்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் நீண்ட கம்பின் நுனியில் வலை பொருத்திய ஒரு கருவி புழக்கத்துக்கு வந்தது. தண்ணீருக்கு அடியில் இருக்கும் பீட்டைச் சேறாக அள்ளி எடுக்க அது உதவியது. அள்ளிய சேற்றை நீளமான ஒடுக்கமான மண் வரப்புகளில் பரப்பிக் காயவைப்பார்கள். அள்ளிய இடம் குழியாகும், தண்ணீர் நிற்கும். புயல் அடித்தால் அலை அந்த வரப்புகளை அரித்துவிடும். வரப்பு போனால் குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏரி. நியூகோப், ரேவைக், ஃபின்கவேன், லோஸ்ட்ரெக்ட் என்று இன்று படகு விடவும் குளிர்காலத்தில் சறுக்கவும் மக்கள் கூடும் ஏரிகள் பல, இயற்கை தந்தவை அல்ல. முன்னோர் அடுப்புக்காகத் தோண்டிய பள்ளங்கள்!

அதாவது, உள்ளே குளிர் காய்ந்ததற்கான பள்ளம் வெளியே விளையாட்டு மைதானம் ஆனது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கீத்ஹோர்ன் பக்கத்தில் பீலாக்கே என்று ஒரு கிராமம் இருந்தது. சுற்றிலும் பீட் எடுத்து எடுத்து நிலம் சல்லடையாகிவிட்டது. 1775, 1776 புயல் வெள்ளங்களில் ஊர் மூழ்கிப்போனது. இப்போது அந்த இடம் பீலாக்கர்வைடே என்ற ஏரி. ஹார்லெம் ஏரியும் இப்படியே கரையைத் தின்று தின்று பெருத்தது. 'தண்ணீர் ஓநாய்' என்று மக்கள் பயந்தார்கள். 1849 முதல் 1852 வரை நீராவி இயந்திரங்களை வைத்து அதை இறைத்து வற்றவைத்தார்கள். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் விமான நிலையம் இருப்பது அந்த ஏரியின் தரையில்தான்.

சட்டித் தணல்

பீட் இருந்தாலும் வீடு முழுக்கச் சூடாகவில்லை. சுவரோரம் ஒரு பெரிய அடுப்பு. வெப்பத்தில் பெரும்பங்கு புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும். அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தால் முகம் வேகும், முதுகு உறையும். எனவே டச்சுக்காரர்கள் வீட்டைச் சூடாக்குவதை விட்டுவிட்டு மனிதனைச் சூடாக்கினார்கள். இதைக் கஞ்சத்தனம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். உண்மையில் நல்ல சிக்கனம்.

இதற்குச் சிறந்த உதாரணம் 'ஸ்டோஃப்' என்ற கால் கணப்பு. மேல்பலகையில் துளைகள் போட்ட ஒரு சிறு மரப்பெட்டி. ஒரு பக்கம் திறந்திருக்கும். உள்ளே மண் சட்டியில் பீட் தணல். பெண்கள் அதன் மேல் பாதங்களை வைத்துக்கொண்டு, நீண்ட பாவாடையால் மூடிக்கொள்வார்கள். ஒரு பிடித் தணல் போதும், இடுப்பு வரை கதகதப்பு. வெர்மீர் வரைந்த புகழ்பெற்ற 'பால்காரி' ஓவியத்தில் சுவரோரம் தரையில் இருக்கிற பெட்டி அதுதான். 1614-ல் ரூமர் விஸ்கர் வெளியிட்ட படப்புத்தகத்தில் இது பெண்களின் செல்லப்பிள்ளை என்று கிண்டல் செய்யப்பட்டிருக்கிறது. கணவனைவிடக் கணப்பு மேல் என்று பொறாமை போலும்! தேவாலயத்தில் அடுப்பே கிடையாது. அங்கே காசு வாங்கிக்கொண்டு தணல் நிரப்பிய ஸ்டோஃப்களை இருக்கைகளில் வைக்கிற வேலைக்கென்றே பெண்கள் இருந்தார்கள்.

படுக்கையும் அப்படியே. சுவருக்குள் அலமாரி மாதிரி பதித்த 'பெட்ஸ்டே'. உள்ளே ஏறிக் கதவையோ திரையையோ மூடிக்கொண்டால் உடம்புச் சூடே அறையைச் சூடாக்கிவிடும். காற்றோட்டத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். ராத்திரி மீந்த தணலை மூடி போட்ட செம்புப் பானையில் கொட்டி அணைப்பார்கள், மறுநாளைக்கு ஆகும் என்று. அந்தப் பானைக்கு 'டோஃப்பாட்' என்று பெயர். இன்றும் டச்சு மொழியில் ஓர் ஊழலை அமுக்கிவிட்டால் 'டோஃப்பாட்டுக்குள் போட்டுவிட்டார்கள்' என்பார்கள். பானை போய்விட்டது, பழமொழி இருக்கிறது.

இந்த இடத்தில் சோழமண்டலக் கரை வருகிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610-ல் பழவேற்காட்டில் கால் பதித்தது. 1613-ல் அங்கே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690-ல் கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. கம்பெனி அள்ளிக்கொண்டு போனதில் முக்கியமானது துணி. குறிப்பாக, மெழுகும் அவுரியும் சாயவேர்ச் சிவப்பும் கொண்டு கையால் எழுதிய பூத்துணி. டச்சுக்காரர்கள் அதை 'சிட்ஸ்' என்றார்கள். ஜப்பான் ஷோகன் கம்பெனிக்காரர்களுக்குப் பரிசாகத் தந்த பஞ்சு வைத்த அங்கிகள் ஹாலந்தில் பெரிய மோகத்தைக் கிளப்பின. ஆனால் வந்தவை கொஞ்சம், கேட்டவர்கள் அதிகம். விளைவு, சோழமண்டலத்துப் பூத்துணியில் பஞ்சு வைத்துத் தைத்த 'ஜப்பானிய அங்கிகள்' சந்தைக்கு வந்தன. பேர் ஜப்பான், துணி நம் கரையோரம்! வீட்டில் குளிருக்கு இதமாகப் போட்டுக்கொள்ள அதைவிட ஏற்ற உடை அவர்களுக்கு அமையவில்லை. வெர்மீரின் 'புவியியலாளர்' (1669) ஓவியத்தில் ஜன்னலோரம் நிற்பவர் அந்தப் பாணி அங்கியோடுதான் நிற்கிறார். ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் ஹிண்டலோப்பன் என்ற சின்ன ஊரில் பெண்களின் பாரம்பரிய நீள மேலங்கியே சிட்ஸ் துணியில்தான்.

சாயமும் கைத்திறனும் இங்கிருந்து போயின. அதே பழவேற்காட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகவும் பத்தேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஹாலந்து வீட்டின் கதகதப்புக்குள் இந்தக் கணக்கும் இருக்கிறது.

பந்தயம்

போக்குவரத்தாகவும் பொழுதுபோக்காகவும் இருந்த சறுக்குதல் மெல்லப் பந்தயமாகியது. 1805-ல் ஃப்ரீஸ்லாந்தின் தலைநகர் லேவார்டனில் பெண்களுக்கென்றே ஒரு பந்தயம் நடந்தது. கலந்துகொண்டவர்கள் 130 பேர். பெண்கள் வேகத்துக்காக மேலாடையைக் களைந்து, கை தெரிய ஓடியது பெரியவர்களுக்குப் பொறுக்கவில்லை. கண்டனங்கள் கிளம்பின. 1840-ல் டொக்கும் என்ற ஊரில் ஐஸ் கிளப் தொடங்கியது. பிறகு ஊருக்கு ஊர் கிளப். வேலையில்லாத ஏழைகளைப் பனிக்கட்டியைக் கூட்டவைத்துக் கூலி தருவது, பன்றிக்கொழுப்பும் அவரையும் பரிசாக வைத்து அவர்களை ஓடவிடுவது என்று இந்தக் கிளப்புகள் செய்தன. பசிக்கிறவனுக்குச் சாப்பாடு கொடுக்க அவனை ஓடவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டுமா என்று இன்று கேட்கத் தோன்றும். அன்று அதைத் தர்மம் என்றே நினைத்தார்கள்.

இந்தப் பந்தயங்களுக்கெல்லாம் அப்பன் 'எல்ஃப்ஸ்டேடன்டாக்ட்', அதாவது பதினொரு நகரப் பயணம். லேவார்டனில் கிளம்பி, ஃப்ரீஸ்லாந்தின் பதினொரு பழைய நகரங்களையும் உறைந்த கால்வாய்களிலும் ஏரிகளிலும் சுற்றிக்கொண்டு, அதே நாளில் லேவார்டன் திரும்ப வேண்டும். சுமார் 200 கிலோமீட்டர்! ஹிண்டலோப்பனும் அந்தப் பதினொன்றில் ஒன்று. மரப்பலகை வைத்த ஃப்ரீஸியன் ஸ்கேட்டுகளைத் தயாரித்து விற்ற ஐல்ஸ்ட் நகரமும் ஒன்று. விவசாயிகள் வெகுகாலமாகத் தங்களுக்குள் செய்துவந்த வீரச்செயல் இது. 1890 டிசம்பரில் பிம் முலியர் என்ற விளையாட்டு ஆர்வலர் இதைச் சுற்றிமுடித்து எழுதிய பிறகு நாடு முழுக்கப் பரவியது. முதல் அதிகாரபூர்வப் பந்தயம் 1909 ஜனவரி 2-ல். வென்றவர் மின்னெ ஹுக்ஸ்ட்ரா. நேரம் 13 மணிக்கும் மேல். 1929-ல் வென்ற கார்ஸ்ட் லேம்பர்க், கோப்பையோடு கூடவே உறைந்துபோன ஒரு கால்விரலையும் இழந்துவிட்டு வந்தார்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. தேதி குறிக்க முடியாது. வழி முழுவதும் சுமார் 15 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பனிக்கட்டி இருந்தால்தான் பந்தயம். இல்லையென்றால் அந்த வருடம் கிடையாது. வழியை 22 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். அவர் துளை போட்டு அளந்து சொல்ல வேண்டும். விளம்பரதாரரும் தொலைக்காட்சியும் என்ன கெஞ்சினாலும் சரி, இயற்கை கையெழுத்துப் போட்டால்தான் ஆட்டம்.

1944: பனிக்கட்டி பகையானது

பனிக்கட்டி எப்போதும் நண்பன் அல்ல. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி ஆக்கிரமித்திருந்தபோதும் 1941, 1942 வருடங்களில் பதினொரு நகரப் பயணம் நடந்தது. ஆனால் 1944 இறுதியில் நிலைமை தலைகீழ். செப்டம்பரில் டச்சு ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலடியாக மேற்குப் பகுதிக்கு உணவு போவதை ஜெர்மானியர் தடுத்தார்கள். நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த தெற்கு லிம்பர்க்கை நேசப்படைகள் விடுவித்திருந்ததால், அங்கிருந்து ஆக்கிரமிப்பில் இருந்த மேற்குக்குக் கரி வரவில்லை. தடை பின்னர் தளர்த்தப்பட்டும் பயன் குறைவு. குளிரில் கால்வாய்கள் உறைந்துவிட்டன, உணவுப் படகுகள் நகரவில்லை.

ஆம்ஸ்டர்டாம் மக்கள் எரிக்கக்கூடியது எதையும் விடவில்லை. தெரு மரங்களை வெட்டினார்கள். டிராம் தண்டவாளத்துக்கு நடுவே பதித்த மரக்கட்டைகளைப் பெயர்த்தார்கள். முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட யூதர்களின் வீடுகள் காலியாகக் கிடந்தன. அவற்றின் உத்தரங்களையும் படிக்கட்டுகளையும் பிடுங்கி எரித்ததில் பல வீடுகள் இடிந்து விழுந்தன. டப்பா அளவில் ஒரு தகர அடுப்பு, அதில் சில சுள்ளிகள், அதன் மேல் சர்க்கரைக்கிழங்கோ டியூலிப் கிழங்கோ வேகும். 'பசிக் குளிர்காலம்' என்று பெயர் பெற்ற அந்த மாதங்களில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். அவர்காம்ப் ஓவியத்தின் மூலையில் கிடந்த சடலம் நினைவுக்கு வருகிறது.

ஒரே வருடம், இரண்டு சம்பவம்

போருக்குப் பின்னும் பெரும்பாலான வீடுகளில் நிலக்கரி அடுப்புதான். கூடத்தில் ஒன்று. மற்ற அறைகள் உறைந்து கிடக்கும். காலையில் எழுந்தால் படுக்கையறை ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் பனிப்பூ பூத்திருக்கும். முதலில் சாம்பலை அள்ள வேண்டும், பிறகு கரி கொண்டுவர வேண்டும். அப்பா, அம்மா, பாட்டி, பிள்ளைகள், வீட்டுப்பாடம், தையல், சண்டை எல்லாமே அந்த ஓர் அடுப்பைச் சுற்றித்தான்.

1959 ஜூலையில் வடக்கே குரோனிங்கன் மாகாணத்தில் ஸ்லோக்டரன் அருகே ஒரு விவசாயியின் நிலத்தில் இயற்கை எரிவாயு கிடைத்தது. தோண்டத் தோண்டத்தான் அது உலகின் மிகப்பெரிய வாயுக் கிணறுகளில் ஒன்று என்று தெரியவந்தது. 1962-ல் அரசு ஒரு முக்கிய முடிவெடுத்தது. வாயுவின் விலையை எடுக்கும் செலவை வைத்து நிர்ணயிக்காமல், வாடிக்கையாளர் அதற்குப் பதிலாக வாங்கக்கூடிய எண்ணெயின் விலையை ஒட்டி நிர்ணயிப்பது. உற்பத்திச் செலவு மிகக் குறைவு, எனவே கருவூலத்துக்குக் கொள்ளை லாபம்.

இப்போது 1963-க்கு வருவோம். அந்த வருடம் ஜனவரி 18-ல் நடந்த பதினொரு நகரப் பயணம்தான் வரலாற்றிலேயே கொடியது. விடிகாலையில் மைனஸ் 18 டிகிரி. பிறகு பனிப்புயல், எதிர்காற்று, பாதையே தெரியாத பனிக்குவியல். பந்தயத்தை வென்ற ரெய்னியர் பாப்பிங்குக்கு ஏறக்குறைய 11 மணி நேரம் பிடித்தது. பந்தயமாக அல்லாமல் சுற்றிவரக் கிளம்பியவர்கள் 9,294 பேர். முடித்தவர்கள் 69 பேர்! பலருக்குக் கண்ணில் பனிக்காயம். மகாராணி ஜூலியானா முடிவிடத்துக்கு வந்து பார்த்தார்.

அதே 1963 டிசம்பரில் குரோனிங்கன் வாயு குழாயில் பாயத் தொடங்கியது. கிழட்டுக் குளிர்காலமும் புதிய கதகதப்பும் ஒரே வருடத்தில் சந்தித்துக்கொண்டன என்று சொல்லலாம். அடுத்த ஐந்தே வருடங்களில் நாட்டின் ஏறக்குறைய எல்லா ஊர்களுக்கும் குழாய் போய்விட்டது. தெருத்தெருவாக ஆட்கள் வந்து அடுப்புகளை மாற்றிக் கொடுத்தார்கள். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்படும் என்று 1965-ல் அறிவித்தார்கள். 1974-ல் கடைசிச் சுரங்கமும் மூடியது. லிம்பர்க்கில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று.

வீட்டுக்குள் நடந்த மாற்றம் அதைவிடப் பெரியது. எல்லா அறைகளிலும் ரேடியேட்டர். சுவரில் ஒரு திருகு, திருகினால் கோடை. பிள்ளைகள் அவரவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஸ்டோஃப் பழம்பொருள் கடைக்குப் போனது. பல நூற்றாண்டுகள் மனிதனை மட்டும் சூடாக்கிய நாடு, காலி அறைகளையும் சூடாக்கக் கற்றுக்கொண்டது.

பொருளாதாரப் பாடத்தில் வரும் 'டச்சு நோய்' என்ற சொல்லும் இந்த வாயுவிலிருந்து பிறந்ததுதான். ஏற்றுமதியால் கில்டர் நாணயத்தின் மதிப்பு ஏறி, மற்ற தொழில்களின் ஏற்றுமதி அடிவாங்கியது. 1977-ல் 'எகானமிஸ்ட்' பத்திரிகை வைத்த பெயர் அது. பூமிக்கடியில் புதையல் கிடைத்தால் தொழிற்சாலைக்கு ஜுரம் வரும் என்பதை உலகம் அந்த நாட்டை வைத்துப் படித்தது.

ஆனால் நோய் நாணயத்தோடு நிற்கவில்லை. வாயுவை உறிஞ்ச உறிஞ்ச மேலே நிலம் அமுங்கி நடுங்கத் தொடங்கியது. 2012 ஆகஸ்ட் 16-ல் ஹவ்சிங்கே கிராமத்தருகே 3.6 அளவில் நிலநடுக்கம். எண்ணாகப் பார்த்தால் சின்னது. ஆனால் ஆழம் குறைவு, மேலே இருப்பவை செங்கல் வீடுகள். ஆயிரக்கணக்கான சுவர்கள் விரிந்தன. இழப்பீட்டுக்காக மக்கள் வருடக்கணக்கில் அலைந்தார்கள். மக்களின் பாதுகாப்பைவிட வாயு வருமானமே மேலாக வைக்கப்பட்டது என்று 2023-ல் நாடாளுமன்ற விசாரணை அறிக்கை சொன்னது. 2023 அக்டோபரில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2024 ஏப்ரலில் சட்டப்படி நிரந்தரமாக மூடப்பட்டது. பீலாக்கே கிராமத்துக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். இரண்டு முறையும், நாடு குளிர் காய, தோண்டப்பட்ட இடத்தில் இருந்தவன் வீடு போயிற்று.

சரி, பந்தயம் என்ன ஆனது? 1963-க்குப் பிறகு 22 வருடம் நடக்கவே இல்லை. 1985-லும் 1986-லும் அடுத்தடுத்து நடந்தது. இரண்டிலும் வென்றவர் எவர்ட் வான் பென்தம் என்ற பால்பண்ணை விவசாயி. 1986-ல் பட்டத்து இளவரசர் வில்லம்-அலெக்சாண்டர் வேறு பெயரில் பதிந்து முழுதும் சுற்றிமுடித்தார். அடுத்தது 1997 ஜனவரி 4. களைக்கோசு பயிரிடும் விவசாயி ஹென்க் அங்கெனன்ட் வென்றார். அது 15-ஆவது பந்தயம். அதுவே இன்றுவரை கடைசி.

2012 பிப்ரவரியில் நாடே எதிர்பார்த்தது. ஆட்கள் கால்வாய்ப் பனியைக் கூட்டினார்கள், பொறுப்பாளர்கள் அளந்தார்கள். தெற்குப் பகுதியில் தடிமன் போதவில்லை. பிப்ரவரி 8-ல் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் நெதர்லாந்தின் சராசரி வெப்பநிலை 2 டிகிரிக்கும் மேல் உயர்ந்திருக்கிறது. ஒரு சிறிய நாட்டின் அடுப்புகள் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. உலகம் முழுக்க எரித்த கரியும் எண்ணெயும் வாயுவும் சேர்ந்து செய்தது. என்றாலும், அடுப்புக்காகத் தோண்டிய பள்ளத்தில் ஆட்டத்தைப் பெற்றவர்கள், அடுப்புக்காகவே தோண்டிய இன்னொன்றால் அந்த ஆட்டத்தை இழப்பதில் பங்கு பெற்றிருக்கிறார்கள்.

சறுக்கும் ஆசை மட்டும் போகவில்லை. ஹீரன்வேனில் 1967-ல் திறந்த தியால்ஃப் அரங்கம் போல, மின்சாரத்தால் உறையவைக்கும் செயற்கைத் தளங்களில் அவர்கள் உலக சாதனைகள் படைக்கிறார்கள். 1989 முதல் ஆஸ்திரியாவின் வைசன்சே ஏரிக்குப் போய், அங்கே 200 கிலோமீட்டர் 'மாற்றுப் பதினொரு நகரப் பயணம்' நடத்துகிறார்கள். 2019 ஜூனில் மார்டன் வான் டெர் வெய்டன் என்ற நீச்சல் வீரர் (புற்றுநோயிலிருந்து மீண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றவர்) அசல் வழி முழுவதையும் நீந்தியே கடந்து புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார். உறையாத தண்ணீரில் வேறென்ன செய்வது!

2022-ல் ரஷ்யா-உக்ரைன் போரால் வாயு விலை எகிறியபோது, தெர்மோஸ்டாட்டை 19 டிகிரிக்குக் குறைத்து வையுங்கள் என்று டச்சு அரசு பிரசாரம் செய்தது. பலர் மறுபடி ஒரே அறையை மட்டும் சூடாக்கி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். பதினொரு நகரச் சங்கம் இன்றும் இருக்கிறது. 22 பகுதிகளுக்கும் பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். கடுங்குளிர் என்று வானிலை அறிக்கை சொன்னால் துளை போடும் கருவியையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போகிறார்கள்.